மலைச்சரிவுக்குப் பின் வராத தூக்கம்: பிடிஎஸ்டிக்குப் பலன் தரும் மனச் சிகிச்சையைக் கேட்டுப் பெறுவது எப்படி

2020 ஆகஸ்ட் 6 அன்று இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் மேல் விழுந்ததில் 70 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் மிகப் பலர் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அத்தகைய இரவு ஒன்றில் தப்பியவர்களும், மண்ணைத் தோண்டி உடல்களை எடுத்தவர்களும், மலைச்சாலையில் ஜீப் கவிழ்ந்ததிலோ காட்டானை தாக்கியதிலோ பிழைத்தவர்களும் தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தோட்டங்களிலும், மலைக்குக் கீழே போடி, கம்பம், கூடலூரிலும் நம்மோடுதான் வாழ்கிறார்கள். இவர்களில் சிலருக்கு ஏற்படும் பிடிஎஸ்டி எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறுக்கு, மாத்திரையைவிடக் கூடுதலாகப் பலன் தரும் மனச் சிகிச்சை முறைகள் இருக்கின்றன. ஆனால் "கவுன்சலிங்" என்ற ஒரே பெயரில் நடப்பவை எல்லாம் அந்தச் சிகிச்சை அல்ல. எதைக் கேட்க வேண்டும், கிடைப்பது அதுதானா என்று எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்பதைச் சொல்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

முதலில், இது அந்த நோய்தானா?

கொடிய நிகழ்வு ஒன்றைக் கண்டவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வாழ்நாளில் ஏதேனும் ஒரு பேரதிர்ச்சியைச் சந்திப்பவர்கள் சுமார் 70 சதவீதம் என்றாலும், அவர்களில் பிடிஎஸ்டிக்கு ஆளாவோர் ஏறத்தாழ 5.6 சதவீதம் மட்டுமே. முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவதும், திடுக்கிட்டு விழிப்பதும், சோறு இறங்காமல் போவதும் இயல்பானவை. அவை பெரும்பாலும் தாமாகவே தணியும். ஒரு மாதம் கடந்தும் தணியாமல், வேலையையும் குடும்பத்தையும் பாதிக்கும்போதுதான் நோய் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் கேட்டுப் பார்க்கக்கூடிய ஐந்து கேள்விகள் உண்டு. கடந்த ஒரு மாதத்தில் அந்த நிகழ்வைப் பற்றிய கெட்ட கனவோ, விரும்பாமலே எழும் நினைவோ வந்ததா? அதை நினைக்காமலிருக்கவும், அதை நினைவூட்டும் இடங்களுக்குப் போகாமலிருக்கவும் பெரிதும் முயன்றாரா? எந்நேரமும் எச்சரிக்கையாக, சிறு ஓசைக்கும் திடுக்கிடுபவராக இருந்தாரா? மனிதர்களிடமிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் விலகி மரத்துப்போனதுபோல் உணர்ந்தாரா? நடந்ததற்குத் தன்னையோ பிறரையோ ஓயாமல் குற்றம் சாட்டிக்கொண்டாரா? இவற்றில் மூன்றுக்கோ அதற்கு மேலோ "ஆம்" என்ற பதில் வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இது முதற்கட்ட வடிகட்டல் மட்டுமே. நோயை உறுதிசெய்வது மனநல மருத்துவரின் வேலை.

நம் ஊர்களில் இதைப் "பயந்த கோளாறு" என்று சொல்லி மந்திரிக்கவும், தர்காவில் ஓதவும், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளவும் செய்கிறார்கள். அது ஆறுதல் தருகிறது என்றால் அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட அதுவே காரணமாகிவிடக் கூடாது என்பதுதான் கவலை.

எது பலன் தருகிறது

பெரியவர்களுக்கான மனச் சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் பல உள்ளன. அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு முகமைக்காக 2013இலும் 2018இலும் தொகுக்கப்பட்ட பெரிய மதிப்பீடுகளும், உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட பரிந்துரைகளும், பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் நுணுக்கங்களில் வேறுபட்டாலும் மையமான ஒரு செய்தியில் ஒத்துப்போகின்றன. அந்த நினைவை நேருக்கு நேர் எடுத்துக் கையாளும் சிகிச்சைகளே அதிகப் பலன் தருகின்றன. ஆறுதல் சொல்வதோடும் தளர்வுப் பயிற்சியோடும் நின்றுவிடுபவை ஒன்றும் செய்யாமலிருப்பதைவிட மேலானவை என்றாலும், அந்த அளவுக்கு எட்டுவதில்லை.

அவற்றுள் மிக வலுவான சான்று உள்ளது எதிர்கொள் சிகிச்சை. இதன் முழு வடிவத்தை அமெரிக்காவில் எட்னா ஃபோவா உருவாக்கினார். "புரோலாங்டு எக்ஸ்போஷர்" என்று கேட்டால் மனநல மருத்துவர்களுக்குப் புரியும். வாரம் ஒன்றோ இரண்டோ என்ற கணக்கில் 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை நீளும். நோயாளி கண்களை மூடிக்கொண்டு, நடந்ததை இப்போதே நடப்பதுபோல், "மழை கொட்டுது, கதவைத் திறக்கிறேன், வெளியில ஒண்ணும் தெரியல" என்று நிகழ்காலத்தில் சொல்கிறார். முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து சொல்கிறார். அது செல்பேசியில் பதிவுசெய்யப்பட, வீட்டில் நாள்தோறும் அதைக் கேட்டு வர வேண்டும். முதல் இரண்டு மூன்று அமர்வுகளில் நெஞ்சு படபடத்து, அழுது தீர்த்துவிட்டுத்தான் பலர் எழுந்திருப்பார்கள். போகப்போக அதே கதையைச் சொல்லும்போது பயம் இறங்குவதை அவர்களே கவனிப்பார்கள்.

இங்கே நியாயமான ஒரு சந்தேகம் எழும். விபத்துக்குப் பின் அதிகாரியிடம், நிருபரிடம், இழப்பீட்டு மனு எழுதுபவரிடம், துக்கம் கேட்க வந்த உறவினரிடம் எத்தனை முறை அந்த இரவைச் சொல்லியாயிற்று; அதில் ஆறாத மனம் மருத்துவரிடம் சொன்னால் மட்டும் எப்படி ஆறும்? அப்படிச் சொன்னவை எல்லாம் கேட்பவருடைய தேவைக்காகச் சுருக்கிச் சொன்னவை. மனம் பொறுக்காத இடம் வந்ததும் தாண்டிச் செல்லப்பட்டவை. சிகிச்சையில் அந்தத் தாண்டிய இடத்தில்தான் நிற்க வேண்டும். பயம் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும்வரை நிற்க வேண்டும். நினைவு கொடியது, ஆனால் நினைப்பதால் இப்போது ஆபத்தில்லை என்பதை உடம்பே கற்றுக்கொள்ளும்வரை திரும்பத் திரும்ப நிற்க வேண்டும். கை முறிந்து கட்டுப் பிரித்தவரை, வலித்தாலும் நீட்டி மடக்கச் சொல்வதைப் போன்றது இது: சரியான காலத்தில், அளவறிந்து, ஆள் துணையோடு செய்தால் கை வழங்கும்.

காலமும் அளவும் முக்கியம் என்பதற்குச் சான்று இருக்கிறது. பேரிடர் நடந்த ஓரிரு நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவர்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டச் சொல்லும் "டீப்ரீஃபிங்" முறையால் பிடிஎஸ்டி தடுக்கப்படுவதில்லை என்றும், சிலருக்கு அது தீங்காகவும் முடியலாம் என்றும் ஆய்வுத் தொகுப்புகள் காட்டியதால் அதை இன்று பரிந்துரைப்பதில்லை. எனவே முகாமுக்கு வரும் தன்னார்வலர் உணவு, தங்குமிடம், காணாமற்போன உறவினர் பற்றிய தகவல், வேண்டும் என்பவருக்கு ஒரு காது ஆகியவற்றோடு நின்றுகொள்வதே முதல் வாரத்துக்கு ஏற்ற உதவி.

எதிர்கொள் சிகிச்சையின் மற்றொரு பாதி வாழ்க்கைக்குள் நடக்கிறது. நோயாளி தவிர்த்து வரும் காரியங்களை, பயத்தின் அளவுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் கொடுத்து, ஏணிப்படியாக எழுதிக்கொள்கிறார். தகரக் கூரையில் மழை விழும் ஓசையைக் கேட்டாலே லயத்தைவிட்டு வெளியே ஓடும் ஒரு தொழிலாளியை எண்ணிக்கொள்வோம். அவர் முதலில் பகலில் செல்பேசியில் மழையோசையைக் கேட்கலாம். பிறகு தூறலின்போது வீட்டுக்குள் அரை மணி நேரம் உட்காரலாம். பிறகு மழையிரவில் விளக்கை அணைத்துப் படுக்கலாம். கடைசியில் துணை ஒருவரோடு அந்தப் பழைய இடத்துக்குப் போய் நிற்கலாம்.

மலையில் வாழ்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தாக வேண்டும், ஏனென்றால் சமவெளியில் இருந்து வரும் சிகிச்சையாளருக்கு இது தோன்றாமல் போகலாம். இங்கே மழை வெறும் நினைவு அல்ல, சில நாட்களில் உண்மையான ஆபத்தும்கூட. மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்ட இரவில் சரிவுக்குக் கீழிருக்கும் வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பது சிகிச்சை ஆகாது. அன்று முகாமுக்குப் போவதுதான் அறிவு. எந்த அறிகுறி கண்டால் வெளியேறுவது, எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது என்பதைச் சிகிச்சையாளரோடு சேர்ந்து முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால், மற்ற மழைநாட்களில் வரும் நடுக்கம் நினைவின் நடுக்கம்தான் என்று பிரித்தறிய அது உதவும். பாதுகாப்பற்ற லயத்தில் ஒருவரைக் குடியிருத்திவிட்டு அவருடைய பயத்தை மட்டும் நோய் என்பது நேர்மையும் அல்ல.

இரண்டாவது முக்கியமான முறை பாட்ரிசியா ரெசிக் உருவாக்கிய "காக்னிட்டிவ் பிராசஸிங் தெரபி". வழக்கமாக 12 அமர்வுகள் கொண்ட இது, நிகழ்வை விவரிப்பதைவிட, அதைப் பற்றி மனத்தில் உறைந்துபோன தீர்ப்புகளை எடுத்து ஆராய்கிறது. "நான் அன்றைக்குப் பிள்ளையைத் தனியாக விட்டுப் போகாமல் இருந்திருந்தால்" என்பது அத்தகைய தீர்ப்பு. அன்று என்ன தெரிந்திருந்தது, என்ன தெரிந்திருக்க வழியில்லை, வேறு யாராவது இதே நிலையில் இருந்திருந்தால் அவரைக் குற்றம் சொல்வீர்களா என்று தாளில் எழுதி எழுதி விடை காணச் செய்கிறார்கள். குற்ற உணர்வு மேலோங்கி நிற்பவர்களுக்கு, பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட பெண்கள் உட்பட, இது மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இது ஆகாது என்று தள்ள வேண்டியதில்லை. காங்கோ ஜனநாயகக் குடியரசில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு, எழுத்தறிவு குறைந்தவர்களுக்கும் ஏற்றவாறு எளிமையாக்கி, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களே குழுவாக நடத்தி நல்ல பலன் கண்ட ஆய்வு 2013இல் வெளியானது.

இ.எம்.டி.ஆர். என்ற முறையில், நினைவை மனத்தில் இருத்தியபடி சிகிச்சையாளரின் விரலசைவைக் கண்களால் பின்தொடரச் செய்கிறார்கள். ஃபிரான்சின் ஷாபிரோ 1989இல் இதை வெளியிட்ட நாளிலிருந்து, கண்ணசைவு உண்மையில் ஏதாவது செய்கிறதா என்ற விவாதம் ஓயவில்லை; ஆனால் முறை மொத்தமாகப் பலன் தருகிறது என்பதில் பெரிய ஐயமில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல துயரங்களைக் கண்டவர்களுக்கு, ஒரு கயிற்றைத் தரையில் நீட்டி, நல்ல நிகழ்வுகளுக்குப் பூக்களையும் கொடிய நிகழ்வுகளுக்குக் கற்களையும் வைத்து முழு வாழ்க்கையையும் வரிசையாகச் சொல்லவைக்கும் விவரிப்புச் சிகிச்சையும் உண்டு. உகாண்டாவின் அகதி முகாமில் பயிற்சி பெற்ற சாமானியர்களே இதை நடத்திப் பலன் கண்டிருக்கிறார்கள்.

எவ்வளவு பலன்? 2013 மதிப்பீட்டின்படி, மேற்சொன்ன முக்கிய முறைகளைப் பெறும் நான்கு பேருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோ ஒருவர், சிகிச்சை இல்லாவிட்டால் நோயோடே இருந்திருப்பவர், நோயிலிருந்து வெளியேறுகிறார். மருத்துவத்தில் இது நல்ல எண். ஆயினும் எல்லோரும் குணமாவதில்லை. ஆறில் ஒருவர் அளவில் பாதியில் நின்றுவிடுகிறார்கள். முடித்தவர்களிலும் ஒரு பகுதியினருக்கு நோய் எஞ்சுகிறது. போர்முனை கண்ட படைவீரர்களில் பலன் மற்றவர்களைவிடக் குறைவு. "நூற்றுக்கு நூறு குணம்" என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மாத்திரைகளைப் பொறுத்தவரை, செர்ட்ரலின், பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் ஆகியவற்றுக்குச் சான்று உண்டு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மனச் சிகிச்சை கிடைக்காத இடத்திலும், கடும் மனச்சோர்வு சேர்ந்திருக்கும்போதும் அவை கைகொடுக்கும். அல்பிரசோலம், குளோனாசெபம், டயசெபம் போன்ற தூக்க மாத்திரைகள் வேறு வகை. அவை பிடிஎஸ்டியைக் குணமாக்குவதில்லை, பழக்கமாகிவிடுகின்றன, பயத்தை எதிர்கொண்டு கற்க வேண்டியதை மழுங்கடிக்கவும் கூடும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மாதாமாதம் வாங்கி வருபவர்கள் இதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாமாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, ஆகவே அவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

யாரிடம் போவது, என்ன கேட்பது

முதல் தொடர்புக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் போதும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்த அரசுச் சேவை கட்டணமற்றது, இரவு பகல் எந்நேரமும் இயங்குவது. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்பதை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆஷா பணியாளரிடமோ கேட்டறியலாம். மலைக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

மொழியை இரண்டாம்பட்சமாக நினைக்காதீர்கள். ரேஷன் கடையிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் சரளமாக மலையாளம் பேசும் ஒருவருக்குக்கூட அந்த இரவின் நினைவு தமிழில்தான் இருக்கும். கத்திய குரல் தமிழில்தான் கேட்டிருக்கும். தமிழில் சொல்ல முடியாத இடத்தில் இந்தச் சிகிச்சை பாதிதான் நடக்கும். மலையாளச் சிகிச்சையாளர் நம் தமிழைப் புரிந்துகொள்பவராக இருந்தால் அதுவே போதுமானது. நோயாளி தமிழில் பேசட்டும், அவர் மலையாளத்தில் கேட்கட்டும். வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக உட்காரவைப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்ய வேண்டாம். பிள்ளை கேட்கக் கூடாதவற்றைத்தான் அங்கே சொல்ல வேண்டியிருக்கும். அருகில் பொருத்தமானவர் இல்லையென்றால் வீடியோ அழைப்பில் சிகிச்சை பெறலாம்; நேரில் பெறுவதற்கு ஏறத்தாழ இணையான பலன் அதிலும் கிடைப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. சிக்னல் நிலையாகக் கிடைக்கும், பிறர் காதில் விழாத ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் லயத்தில் கடினம்.

மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். மனச் சிகிச்சையைப் பெரும்பாலும் மருத்துவ உளவியலாளர் நடத்துவார். அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்றவரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அதோடு, "மேடம், நடந்த சம்பவத்தையே எடுத்துப் பேசுற சிகிச்சை செய்வீங்களா? எத்தனை தடவை வரணும்? வீட்டுல என்ன பயிற்சி இருக்கும்? குறையுதான்னு எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேளுங்கள். நான்குக்கும் தெளிவான பதில் வந்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். "மனசைத் தைரியமா வெச்சுக்கோங்க, பழசை நினைக்காதீங்க" என்பதே திரும்பத் திரும்ப வந்தால் வேறு ஒருவரைத் தேடுங்கள். நினைக்காமலிருக்க முடியாததுதானே நோய்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் முதல் அமர்விலேயே சொல்லிவிட வேண்டும். அதைக் கவனித்த பிறகே மற்றது. வீட்டில் அடி உதை இன்னும் தொடர்கிறது என்றால் 181 என்ற பெண்கள் உதவி எண் வழியாகப் பாதுகாப்பு முதலில். குடிப்பழக்கம் இருப்பதாலேயே சிகிச்சையை மறுக்க வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்துக் கவனிக்கும் முறைகள் உண்டு.

விடாமல் முடிப்பது

தோட்டத் தொழிலாளிக்கு ஒரு அமர்வு என்பது ஒரு நாள் கூலி. போடிமெட்டு வழியாக இறங்கி ஏறும் பேருந்து நேரத்தையும் சேர்த்தால் பன்னிரண்டு வாரம் தொடர்வது பெரிய செலவுதான், அதை மழுப்பிப் பயனில்லை. ஆகவே ஐந்தே அமர்வுகளில், ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் அந்த நினைவை எழுதவைக்கும் எழுத்துவழிச் சிகிச்சையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2018இல் வெளியான ஒப்பீட்டில் அது 12 அமர்வு முறைக்குக் குறையாத பலனைத் தந்தது. பாதியில் நின்றவர்கள் அதில் சுமார் 6 சதவீதம், மற்றதில் சுமார் 40 சதவீதம். எழுதப் பழகியவர்களுக்கு இது நல்ல வழி. அவசரமில்லாத நிலையில் இருப்பவர்கள் மலைச்சாலை அடிக்கடி அடைபடாத ஜனவரி முதல் மே வரையிலான காலத்தில் தொடங்கினால் அமர்வுகள் தடைபடாது. நிலைமை கடுமை என்றால் மாதம் பார்க்க வேண்டாம்.

பாதியில் விடுவது பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது அமர்வுக்குள் நடக்கிறது. கனவுகள் தற்காலிகமாகக் கூடுவதைக் கண்ட குடும்பத்தார் "அங்க போனதுலேர்ந்துதான் அதிகமாச்சு" என்று தடுத்துவிடுகிறார்கள். ஆகவே மனைவியையோ அண்ணனையோ முதல் அமர்வுக்கு உடன் அழைத்துச் சென்று, இப்படி நடக்கும் என்பதைச் சிகிச்சையாளர் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள். வீட்டில் அவர்கள் செய்ய வேண்டியது, பதிவைக் கேட்கும் அரை மணி நேரத்துக்குப் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவதும், அழுகை கேட்டால் ஓடிவந்து நிறுத்தாமல் இருப்பதும்தான்.

முன்னேற்றத்தை உணர்வால் மட்டும் அளக்காதீர்கள். பி.சி.எல்.5 என்ற 20 கேள்விகள் கொண்ட படிவத்தில், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டால் மொத்தம் 80க்கு ஒரு எண் கிடைக்கும். 31 முதல் 33 வரையிலான எண்ணைத் தாண்டினால் பிடிஎஸ்டி இருக்க வாய்ப்பு அதிகம். சிகிச்சையின்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதை நிரப்பினால், எண் 10க்கு மேல் குறைவது உண்மையான முன்னேற்றம். ஆறு அமர்வுகள் முறையாக நடந்து, வீட்டுப் பயிற்சியும் செய்து, எண் அசையவே இல்லையென்றால் அதைச் சிகிச்சையாளரிடம் காட்டி, பயிற்சியில் தாண்டிச் செல்லும் இடம் எது என்று தேடவோ, வேறு முறைக்கு மாறவோ, மருந்தைச் சேர்க்கவோ கேளுங்கள். ஒரு முறையில் தேறாதவர் மற்றொன்றில் தேறுவதுண்டு.

சிகிச்சை முடிந்த பிறகும் ஜூனில் மழை பிடிக்கும்போதும், நினைவுநாள் நெருங்கும்போதும் சில இரவுகள் கலையும். கடைசியாக நிரப்பிய படிவத்தை ரேஷன் அட்டையோடு பத்திரப்படுத்தி, அந்த மாதத்தில் மீண்டும் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். எண் சற்றுக் கூடியிருந்தால் பழைய பதிவையும் ஏணியையும் எடுத்துப் பயிற்சியைச் சில நாள் தொடர்வதே பெரும்பாலும் போதும். பழைய அளவுக்கே ஏறியிருந்தால் அதே சிகிச்சையாளரிடம் ஓரிரு அமர்வுகளுக்கு நேரம் கேளுங்கள்.